வெயிலில் கறுக்காத பிள்ளை

போன மாதம் நம்முடைய வகுப்புக் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தீர்கள். தகரக் கூரைப் பள்ளிக்கூடம், பக்கத்தில் இழுத்துக் கட்டிய நீலத் தறப்பாள், இரண்டு வரிசையாக நாம். வலது ஓரத்தில் நான் நிற்கிறேன். என் தோளில் ஒரு கைக்குழந்தை, முகத்தை என் கழுத்துக்குள் புதைத்திருக்கிறான். அவனுடைய தலைமயிர் மட்டும் சோளப் பூப்போல வெளுத்துத் தெரிகிறது. "இது யார்ட வெள்ளக்காரப் புள்ளடி?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. பிறகு யாருக்கோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தேன், கேள்வியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அழித்திருக்கத் தேவையில்லை. நமக்கெல்லாம் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது, சிலருடைய பிள்ளைகள் அன்றைய நம்மைவிட உயரம். இனியாவது சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தை என் தம்பி. அவன் பிறந்த அந்த ஒரு பருவத்தில் எங்கள் முகாம் கொட்டிலுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. வெளியே நடந்தது தெரியும். முகாம் வாசலில் நின்ற கூட்டத்தில் உங்கள் காக்காமார், கூடப் பிறந்த மூத்தவர்கள், சிலரும் நின்றார்கள்.

முதலில் எங்கள் வீட்டு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். வாப்பாவும் சாச்சாவும் அண்ணன் தம்பி. உம்மாவும் சாச்சியும் அக்கா தங்கை. இந்த இரண்டு பேரும் அந்த இரண்டு பேருக்கும் மாமன் மகள்கள். வாப்பாவைப் பெற்ற தாயும் உம்மாவைப் பெற்ற தகப்பனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சொத்து வெளியே போகாது, குணம் தெரிந்த இடம், சண்டை வந்தாலும் சொந்தத்துக்குள் அடங்கிவிடும் என்று பெரியவர்கள் சேர்த்து வைத்த சம்பந்தம். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. அதனால் கடற்கரையை ஒட்டிய ஒரே வளவில் உம்மாவுக்கு ஒரு வீடும் சாச்சிக்கு ஒரு வீடும் இருந்தன. வாப்பாவும் சாச்சாவும் அங்கே வந்து குடியிருந்த மாப்பிள்ளைகள்.

எனக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். ஐந்து வயது. வாப்பாவை உரித்து வைத்தவன். அதே கறுப்பு, அதே அகன்ற நெற்றி, நடக்கும்போது இடது காலை ஒரு சொட்டு இழுப்பதுகூட வாப்பா மாதிரி. வாப்பாவின் தோணிகளில் வேலை செய்த தோணிக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதே 'குட்டி முதலாளி' என்றுதான்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த சுனாமிக் காலையில் வாப்பா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். உம்மா என் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். முதல் தண்ணீரில் தப்பிவிட்டோம். இரண்டாவது தண்ணீரில் யாருடைய வீட்டுக் கதவு நிலையோ மிதந்து வந்து வாப்பாவின் விலாவில் அடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் கால் இரண்டையும் பிடித்திருந்த வாப்பாவின் கை விரிந்தது. அவன் கத்தவில்லை. கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு சிவப்புச் சட்டை சுழன்றது, அவ்வளவுதான். உடம்பு கிடைக்கவில்லை. அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தென்னை மரத்தில் சிக்கியிருந்த மையத்துகளை வாப்பா நான்கு நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வீங்கிய முகங்களில் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"கை விரிஞ்சிட்டு. கை விரிஞ்சிட்டு." மாதக்கணக்காக வாப்பா சொன்னது இது ஒன்றுதான்.

முகாமில் எங்களுக்குத் தகரக் கொட்டில் கிடைத்தது. பகலில் அடுப்புக்குள் இருப்பது போலிருக்கும். உம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவதையும் நிறுத்தினாள். அப்போது முகாமில் ஒரு வெளிநாட்டு டொக்டர் கூடாரம் போட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயில் பட்டு முகமெல்லாம் தோலுரிந்த மனிதர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல பக்கத்துத் தமிழ் ஊரான வினாயகபுரத்திலிருந்து ஓர் அண்ணன் வந்து போனார். மெலிந்த உடம்பு, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. அவருடைய தங்கச்சியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அதைத் தெரிந்த பிறகுதான் உம்மா வாய் திறந்தாள். தம்பியைப் பற்றி உம்மா சொல்வாள், அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பார். டொக்டர் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வாசலில் நின்று பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு நான் சொன்னது இதைத்தான்.

டொக்டர் ஐந்து மாதத்தில் நாட்டுக்குப் போய்விட்டார். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் உம்மாவின் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது.

வாப்பா மாறிப்போனார். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு முருங்கைக் கம்பு நட்டார். உம்மாவுக்குச் சூரை மீன் வாங்கி வந்தார். "அவன்தான் மறுகா வாறான்" என்று தோணிக்காரர்களிடம் சொன்னார். உம்மாவின் வயிற்றைப் பார்த்து இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிச் சொல்லக்கூடாது என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கடல் வந்து பதின்மூன்றாம் மாதம் ஆசுபத்திரியில் பிள்ளை பிறந்தது. தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாப்பா இரண்டு கையையும் நீட்டினார். துணி விலகியதும் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. பால் நிறத் தோல். கண்ணிமை மயிர்கூட வெள்ளை. கண் திறந்தபோது உள்ளே சாம்பல் நீலம், அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் இடமும் வலமும் ஆடியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். ஒருத்தி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அங்கே இருந்த டொக்டர் சிங்களவர். அரைகுறைத் தமிழில் உம்மாவிடம், "பயம் வேண்டாம், அம்மா. வெயில் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கிளினிக் அட்டையில் இங்கிலீசில் ஒரே ஒரு சொல் எழுதினார். அந்தச் சொல்லைச் சாச்சா பார்த்தார். எழுத்துக் கூட்டினார். 'அல்', 'பி' என்பதுவரைதான் வந்தது.

"காக்கா, பேர எழுதியிரிக்காங்க" என்றார் வாப்பாவிடம்.

"என்ன பேரு?"

"வேற என்ன பேரு? புள்ளட தகப்பன்ட பேரு. வெள்ளக்காரன்ட பேரு மாதிரிதானே இரிக்கி."

சிரிக்காதீர்கள். நம் ஊரில் அன்றைக்கு அதை நம்பாத ஆள் இருக்கவில்லை. நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன், எழுத்துகளை முழுதாக வாசித்தேன், எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. நானும் அதைப் பெயர் என்றே நினைத்தேன்.

நாங்கள் முகாமுக்குத் திரும்பிய அன்று பின்னேரம் வாப்பா என்னைக் கூப்பிட்டார். சாச்சாவும் பக்கத்தில் நின்றார்.

"மகள், பொய் சொல்லக்கூடாது. அந்த டொக்டர் நம்மட கொட்டிலுக்குள்ள வந்தானா?"

"ஓம்."

"அவன் வந்து என்ன செஞ்ச?"

"உம்மாட கையப் புடிச்சிட்டு இருந்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"கன நேரம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாப்பா எழும்பி இடுப்பில் கட்டியிருந்த அகல வாரைக் கழற்றினார். பித்தளைக் கொக்கி வைத்த வார். உம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் அடி முதுகில் விழுந்தது. உம்மா பிள்ளையின் மேலே கவிழ்ந்து கொண்டாள். தகரச் சுவரில் ஒவ்வொரு அடியின் சத்தமும் திரும்பி வந்தது. வாப்பாவின் மூச்சு மட்டும் இரைந்தது. உம்மாதான் பேசினாள். "அடிங்க. நல்லா அடிங்க. உங்கட புள்ளய அடிச்சிராம என்ன அடிங்க." கொக்கி கழுத்துக்குக் கீழே பட்ட இடத்தில் எலும்பு உடைந்தது. அந்தச் சத்தத்தை நான் தனியாகக் கேட்டேன். பக்கத்துக் கொட்டில் ஆட்கள் வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

மூன்றாம் நாள் சாச்சா ஒரு யோசனை சொன்னார். "நம்மட ரத்தமெண்டா வெயில்ல கெடந்தாக் கறுக்கும் காக்கா. போட்டுப் பாருங்க."

உம்மா கையைத் தொட்டிலிட்டுக் கட்டியபடி ஆசுபத்திரிக்குப் போயிருந்த நேரம். வாப்பா பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குப் பின்னால் மணலில் கிடத்தினார். உச்சி வெயில். லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். சாச்சா என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் தோல் முதலில் சிவந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தியது. பிறகு நெற்றியிலும் வயிற்றிலும் கொப்புளம் எழும்பியது. வாப்பா குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததென்று நான் சொல்லமாட்டேன். காத்திருந்தார். உண்மையாகவே அது கறுக்கும் என்று காத்திருந்தார். நான் சாச்சாவின் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் உவர்த்தது. அவர் விட்டதும் பிள்ளையை அள்ளிக்கொண்டு பைப்படிக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு தம்பியைத் தனியே விடவில்லை. உம்மாவால் தூக்க முடியாது, அதனால் நான் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்தேன். நீங்கள் படத்தில் பார்த்தது அந்த நாட்களில் ஒன்று.

விஞ்ஞான சேர் பிறப்புரிமையியல் பாடம் எடுத்தது உங்களுக்கு ஞாபகமிருக்குமோ தெரியாது. பட்டாணிச் செடி வளர்த்த ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொன்னார். கரும்பலகையில் நாலு கட்டம் போட்டார். மேலே தகப்பன், பக்கத்தில் தாய். "உயரமான செடியையும் உயரமான செடியையும் சேர்த்தா எப்படிக் குள்ளச் செடி வரும்?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "ரெண்டுக்குள்ளயும் குள்ளம் ஒளிஞ்சிருந்தா வரும். ஒண்டிருந்தா வெளிய தெரியாது. தாய்க்கிட்ட ஒண்டு, தகப்பன்கிட்ட ஒண்டு, ரெண்டும் ஒரே புள்ளைக்குப் போய்ச் சேந்தாத்தான் வெளிய வரும்." பெரிய ஏ, சின்ன ஏ என்று கட்டங்களை நிரப்பினார். "மனுசருக்கும் இப்படித்தான். கறுத்தத் தாய்க்கும் கறுத்தத் தகப்பனுக்கும் ஒரு நிறமும் இல்லாத வெள்ளப் புள்ள பொறக்கலாம். மயிர், கண், எல்லாமே வெள்ள. கிட்டின சொந்தத்துல முடிச்சா அது கூட வரும், ஏனெண்டா ஒரே மூத்தவங்கட்ட இருந்து ரெண்டு பேரும்..."

அந்த இடத்தில் சேர் என்னைப் பார்த்தார். என் மடியில் தூங்கிய தம்பியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு திரும்பி, அந்த நாலு கட்டத்தையும் டஸ்டரால் அழித்தார். பிறகு கணக்குச் செய்யச் சொன்னார்.

பள்ளி விட்டதும் நான் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், எங்கட வாப்பாக்கிட்ட வந்து இதச் சொல்லுங்க."

"அது சோதினைக்குப் படிக்கிறது, மகள்."

"அப்ப பொய்யா, சேர்?"

"உண்மதான்."

"உண்மையெண்டா வந்து சொல்லுங்க. உம்மாவக் கொன்டுருவாரு."

சேர் வீதியை இருபுறமும் பார்த்தார். "எனக்கும் புள்ள குட்டி இரிக்கி" என்று சொல்லி சைக்கிளை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு போனார். இன்றைக்கு அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. நான் இப்போது பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக வேலை செய்கிறேன், எத்தனையோ வீடுகளில் வாயை மூடிக்கொண்டு வந்தவள்தான். ஆனால் அந்தச் சைக்கிள் போன திசை இன்னமும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு நானே சொன்னேன். வாப்பா கொட்டில் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஈர்க்கால் மணலில் நாலு கட்டம் கீறினேன். "உங்களுக்குள்ள ஒண்டு ஒளிஞ்சிரிக்கி வாப்பா. உம்மாக்குள்ளயும் ஒண்டு. ரெண்டும் தம்பிக்கு வந்திட்டு. நாலுல ஒரு பங்கு அப்படி வரும்."

வாப்பா கட்டங்களைக் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் விளங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"நாலுல ஒரு பங்கா?"

"ஓம் வாப்பா."

"அப்ப மத்த மூணு பங்கும் ஆருட?"

நான் பதில் சொல்வதற்குள் அடி விழுந்தது. என் முன்பல் ஒன்று மணலில் கிடந்தது. "என்ட ரத்தத்துல பழுது எண்டு சொல்றியா? உன்ட உம்மா படிப்பிச்சுத் தந்தாளா?" காலால் கட்டங்களைக் கலைத்தார். நாலில் ஒன்று என்பதை அவர் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டார். சொல்லத் தெரியாமல் சொன்னது நான்தான்.

வினாயகபுரத்து அண்ணன் வந்தது அடுத்த கிழமை. ஆசுபத்திரியில் வேலை செய்த யாரோ விசயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விப்பட்டதும் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்திருந்தார். கையில் ஒரு பையில் குழந்தைத் தொப்பியும் தோலில் பூசும் களிம்பும். முகாம் வாசலில் என்னைக் கண்டு, "தங்கச்சி, அந்த அட்டையக் கொண்டுவா" என்றார். கொண்டு வந்து கொடுத்தேன். அவர் வாசித்தார். உடனே அவர் முகம் தெளிந்தது.

அதற்குள் சாச்சாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சூழ்ந்துவிட்டார்கள். வாப்பா பின்னால் வந்தார்.

"இவன்தான் காக்கா. இவன்தான் அந்த வெள்ளக்காரனக் கூட்டிக் குடுத்தவன்" என்றார் சாச்சா.

அண்ணன் அட்டையை உயர்த்திக் காட்டினார். "காக்கா, ஒரு நிமிசம் கேளுங்க. இது ஆளுட பேரில்ல. இது ஒரு குறைபாட்டுட பேர். தாய் தகப்பன்ட..."

முதல் அடி வாயில். அவர் விழவில்லை. அட்டையை விடவும் இல்லை. "வாசிச்சுக் காட்டுறன் காக்கா" என்றார் மறுபடியும். உடைந்த வீடுகளிலிருந்து எடுத்த கம்பிகள் முகாமெங்கும் குவிந்து கிடந்தன. ஒருவன் ஒன்றை எடுத்தான். எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும், உங்களில் ஒருவருக்கும் தெரியும். அதை வாப்பா அவன் கையிலிருந்து பறித்தார். தடுப்பதற்குத்தான் பறிக்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கம்பி அண்ணனின் வலது கண்ணில் இறங்கியது.

உம்மா கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்து கூட்டத்துக்குள் விழுந்து அவரை மூடிக்கொண்டாள். "என்ட புள்ளய ஒருக்கா கைவிட்டீங்க. இவனையும் கொல்லப்போறீங்களா?" என்று கத்தினாள். வாப்பாவின் கையிலிருந்து கம்பி விழுந்தது. தொப்பி மணலில் கிடந்தது. அட்டை மிதிபட்டுக் கிழிந்திருந்தது.

மறுநாள் தமிழ் ஊர்ப்பக்கம் டயர் எரிந்தது. அதற்கடுத்த நாள் நம் பக்கம் எரிந்தது. சைக்கிளில் மீன் விற்கப்போன நம்மூர் மனிதரைப் பிடித்து இரண்டு கையையும் முறித்தார்கள். நம்மவர்கள் ஓட்டோ ஒன்றைக் கொளுத்தினார்கள், ஓட்டி வந்தவர் வாய்க்காலில் குதித்துத் தப்பினார். அதிரடிப்படை வந்து வானத்தை நோக்கிச் சுட்டது. பள்ளிக்கூடம் பத்து நாள் மூடியிருந்தது, உங்களுக்கு ஞாபகமிருக்கும். எதற்காக மூடினார்கள் என்று கேட்டால் 'இயக்கப் பிரச்சினை', புலிகளால் வந்தது என்பீர்கள். எங்கள் வீட்டில் தொடங்கியது அது. பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள். அண்ணனின் கண்ணைப் பற்றியும் உம்மாவின் எலும்பைப் பற்றியும் அங்கே பேச்சு வரவில்லை.

வாப்பா பொத்துவிலுக்குப் போய்விட்டார். அங்கே யாருடைய தோணியிலோ கூலிக்குப் போனார். தலாக் சொல்லவுமில்லை, திரும்பி வரவுமில்லை.

சாச்சா வேறு ஒன்று செய்தார். எங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தபோது உம்மாவுக்கும் சாச்சிக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு வந்தது. சாச்சா எங்கள் பக்கத்துச் சன்னல்களை ஆணி வைத்து அடித்தார். அக்காவின் ரத்தம்தானே தங்கைக்கும் என்பது அவருடைய கணக்கு. வேலைக்குப் போகும்போது சாச்சியை உள்ளே வைத்துப் பூட்டுவார். திறப்பு அவருடைய வாரில் இருக்கும். கலியாண வீடு, மையத்து வீடு, எதற்கும் சாச்சி வந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அரிசி புடைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். உம்மா இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டுத் தட்டுவாள். அங்கிருந்து இரண்டு தட்டு வரும். மூன்று வருடம் அக்காவும் தங்கையும் கதைத்தது அவ்வளவுதான்.

தம்பி குடைக்குள் வளர்ந்தான். சோதனைச் சாவடியில் இறக்கி அவன் முகத்தை விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். தெரு ஒழுங்கையில் கல் விழும். கண்பார்வை மங்கல், கல் வருவதை அவனால் பார்க்க முடியாது, பட்ட பிறகு திரும்புவான்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன கிழமை. பெரிய வீதியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. வாகனங்களில் கொடி கட்டிக்கொண்டு போனார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அன்று காலைதான் சாச்சி ஆசுபத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள். தலைப்பிள்ளை. பெயர் வைப்பதற்கென்று வாப்பாவைப் பொத்துவிலிலிருந்து வரச்சொல்லியிருந்தார்கள். ஆசுபத்திரி வாசலில் சாச்சா பிள்ளையை வாங்கிப் பார்க்கவில்லையாம். வாகனத்தில் முன்னால் ஏறிக்கொண்டாராம்.

லுஹருக்குப் பிறகு பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே வேறு ஒரு சத்தம் கேட்டது. உம்மா அது என்ன சத்தம் என்று அறிந்தவள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன்.

கதவு திறந்து கிடந்தது. சாச்சி சுவரோரம் குந்தியிருந்தாள். அவள் நெற்றியில் ரத்தம். சாச்சா வாரைக் கையில் சுற்றியிருந்தார். முற்றத்தில் வாப்பா நின்றார், மூன்று வருடத்தில் பாதியாக வற்றிப்போய். பாயில் கிடந்த பிள்ளை பால் நிறத்தில் இருந்தது. கண்ணிமை மயிரும் வெள்ளை.

உம்மா சாச்சாவுக்கும் சாச்சிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளுங்க மச்சி" என்றார் சாச்சா.

"ஆருடா வந்த?"

"என்ன?"

"பூட்டின ஊட்டுக்குள்ள ஆர் வந்த? சன்னலுக்கு ஆணி அடிச்ச நீ. திறப்ப வாருக்குள்ள வச்சிருந்த நீ. மூணு வருசம் இவ வெயிலக் காணல்ல. சொல்லு, எந்த வெள்ளக்காரன் எந்த ஓட்டையால வந்த?"

சாச்சா கதவையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். உம்மா தம்பியைக் கொண்டுபோய்ப் பாயில், அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் விட்டாள். அவன் மூக்கு முட்டக் குனிந்து பிள்ளையைப் பார்த்தான். அவனுக்கு அப்படிப் பார்த்தால்தான் தெரியும். "உம்மா, இது என்னப்போல" என்றான்.

முற்றத்தில் வாப்பா மணலில் உட்கார்ந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கம்பி வைத்து ஒரு மனிதனுடைய கண்ணைக் குத்திய கை அது. உம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாச்சாவிடம், "இது என்ட தங்கச்சிட ஊடு. அவட பேர்ல இரிக்கி. நீ வெளிய போ" என்றாள். சாச்சா வாரை இடுப்பில் கட்டக்கூட மறந்து, கையில் பிடித்தபடியே படியிறங்கிப் போனார். திறப்பு அவருடைய வாரிலேயே போய்விட்டது. அதைப் பற்றி இனி யாருக்கும் கவலை இல்லை. உம்மா ஓர் இரும்பு அலவாங்கு கொண்டுவரச் சொன்னாள். நானும் அவளுமாகச் சன்னல் ஆணிகளைப் பிடுங்கினோம். சாச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாப்பாவை உம்மா சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாள். "புள்ளயப் பாக்கலாம். படி ஏறக்கூடாது." அவர் கடைசிவரைக்கும் படி ஏறவில்லை. வாசலில் நின்று தம்பியைப் பார்ப்பார். தம்பி குடையோடு வந்து அவர் முன்னால் நிற்பான். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்த வருடம் வாப்பா என்னிடம், "அந்தப் பொடியன்ட ஊட்டக் காட்டு" என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் வினாயகபுரம் போனோம். அண்ணன் வீட்டு முன்னறையில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஸ் படிப்பித்துக்கொண்டிருந்தார். வலது கண் இருந்த இடம் மூடித் தைத்திருந்தது. எங்களைக் கண்டதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டார். வாப்பா வாசலிலேயே நின்று, "தம்பி, நான் செஞ்சது ஹராமான வேல. பிழையெண்டு இப்பதான் தெரிஞ்ச" என்றார்.

அண்ணன் எழும்பி வாசலுக்கு வந்தார். "நான் அண்டைக்கே சொன்னன்தானே காக்கா. வாசிச்சுக் காட்டுறன் எண்டு சொன்னன்தானே" என்றார். குரல் உயரவில்லை. "நீங்க வெளிய நில்லுங்க. தங்கச்சி கொஞ்சம் நிக்கட்டும்."

வாப்பா வீதிக்குப் போனார். நான் உள்ளே நின்றேன். மூன்று வருடமாக ஒளித்து வைத்திருந்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். "அண்ணன், டொக்டர் உம்மாட கையப் புடிச்சிட்டிருந்தாரெண்டு வாப்பாக்கிட்ட சொன்னது நான்தான். வேற ஒண்டும் சொல்லல்ல. ஆனா சொன்னது நான்தான்."

அவர் மேசையிலிருந்த புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். விளிம்பு சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப உனக்கு எத்தின வயசு?"

"பதினஞ்சு."

"எனக்கு அப்ப இருவத்திரெண்டு" என்றார்.

பிறகு அந்தப் புத்தக அடுக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் வெளியே வந்தேன். வாப்பா வெயிலில், நிழல் இருந்தும் அதற்குள் போகாமல் நின்றிருந்தார்.

"என்ன சொன்னான்? மன்னிச்சிட்டானா?" என்று கேட்டார்.

"வயசச் சொன்னாரு வாப்பா" என்றேன்.

வாப்பா தலையை ஆட்டினார். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினோம்.